சகுனமும் பூனையும்

(கைவிடப்பட்ட பூனைகளைக் காக்கும் தொண்டர்கள், மார்கழி மாதத்தில் அரியலூரில் கூட்டிய கூட்டத்தில் பேசியது)



சாமியைப் பற்றியும் சாஸ்திரத்தைப் பற்றியும் பேசித் திரிகிறவனுக்குப் பூனையிடத்தில் என்ன வேலை என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். பெரம்பலூரிலும் இவ்வூரிலும் இத்தொண்டர்கள் செய்கிற காரியத்தை இரண்டு நாள் கூட இருந்து பார்த்த பிறகு, இது என் வேலையேதான் என்று தெரிந்துகொண்டேன். நான் அதிகம் பள்ளிக்கூடம் போனவனல்ல. கண்டதையும் படித்ததையும் சொல்லுகிறேன். சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது முதல் மார்கழி முடிகிற வரையில் இவர்களுக்கு ஓய்வில்லை. சந்தைப்பேட்டையிலும், ஏரிக்கரையிலும், கோவில் மதிலுக்குப் பின்னாலும் சாக்குப்பை கிடக்கிறது. அவிழ்த்துப் பார்த்தால் கண் திறவாத குட்டிகள் நான்கோ ஐந்தோ. இரண்டு செத்திருக்கும், மற்றவை சில்லிட்டுக் கிடக்கும். இதைக் கொண்டுவந்து போடுகிறவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? கொலைகாரர்களா? இல்லை. நல்ல பக்திமான்கள். விடியற்காலையில் எழுந்து வாசலில் அரிசிமாக்கோலம் போட்டு, எறும்பு தின்றால் அதுவும் ஜீவகாருண்யந்தானே என்று சொல்லிக்கொள்ளுகிறவர்கள்.

பூனையைக் கொன்றால் பாவம். ஆகவே இவர்கள் கொல்லமாட்டார்கள். சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே மழையில் வைத்துவிட்டு வருவார்கள். கொன்றது யார்? மழை. பாவம் யாருக்கு? மழைக்கு. வருணபகவான் பேரில் கணக்கை எழுதிவிட்டு, இவர்கள் கால் கழுவிக்கொண்டு வீட்டிற்குள் போய்விடுகிறார்கள்.

இந்தப் பாவக்கணக்கு இருக்கிற புஸ்தகம் ஒன்றைச் சொல்லுகிறேன். மனுதர்ம சாஸ்திரம் 11-வது அத்தியாயத்தில் பிராயச்சித்தங்களைச் சொல்லிவருகிற இடத்தில், பூனை, கீரி, தவளை, நாய், உடும்பு, ஆந்தை, காக்கை இவற்றைக் கொன்றவன், சூத்திரனைக் கொன்றதற்கு என்ன பிராயச்சித்தமோ அதைச் செய்துகொள்ள வேண்டும் என்று விதித்திருக்கிறது. முதலில் இதைப் படித்தபோது, நம்மைத் தவளையோடு சேர்த்தானே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. இப்போது பூனையின் பக்கத்திலிருந்தும் பார்க்கிறேன். கொன்றவன் தீட்டு எப்படித் தீரும் என்பதுதான் அங்கே கவலையே தவிர, செத்தது என்ன பாடுபட்டது என்ற கவலை இல்லை. அந்தக் கவலை இல்லாத இடத்திலிருந்துதான் சாக்குப்பை வருகிறது.

நிற்க. எனக்கு ஒரு அத்தை இருந்தாள். இருபத்திரண்டு வயதில் தாலியறுத்தவள். எங்கள் வீட்டில் யாராவது வெளியூர் புறப்பட்டால், ஒருவரும் சொல்லாமலே எழுந்து கொல்லைக்குப் போய்விடுவாள். அவ்வளவு பழக்கம். அங்கே அவளுக்குத் துணை ஒரு கறுப்புப் பூனை. அதையும் அதே நேரத்தில் அங்கேதான் விரட்டியிருப்பார்கள். பிரயாணம் போன என் சித்தப்பா அந்த வருஷம் வியாபாரத்தில் நஷ்டப்பட்டார். அத்தையும் எதிரே வரவில்லை, பூனையும் குறுக்கே போகவில்லை. பிறகு எதனால் நஷ்டம் என்று நான் கேட்டதற்கு எனக்கு அடி கிடைத்தது.

இந்தப் பைத்தியம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. 1233-ம் ஆண்டில் போப் ஒன்பதாம் கிரகரி எழுதிய கடிதம் ஒன்றில், சாத்தானை வணங்குகிறவர்களின் சடங்கிலே கறுப்புப் பூனையும் வருகிறது. ஆனால் அதே கறுப்புப் பூனை குறுக்கே போனால் அதிர்ஷ்டம் என்று இங்கிலாந்தில் நம்புகிறவர்கள் அநேகம் பேர். லண்டனில் லாபத்தைக் கொடுக்கிற பூனை அரியலூரில் நஷ்டத்தைக் கொடுக்குமானால், கப்பலில் வரும்போது எந்தத் துறைமுகத்தில் அதன் குணம் மாறியது என்று சகுனக்காரர்கள்தான் சொல்லவேண்டும்.

இனி, தொண்டர்கள் என்னிடம் சொல்லச் சொன்ன விஷயத்திற்கு வருகிறேன். நம் ஊரில் என்ன ஐரோப்பாவைப்போல் உறைபனியா, குளிரில் சாவதற்கு என்று கேட்கிறார்கள். சாகும். பிறந்த குட்டிக்கு முதல் சில நாள் நடுங்கக்கூடத் தெரியாது. தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி வரச் சில வாரம் ஆகும். தாயும் கூடப்பிறந்தவையுந்தான் அதற்குக் கம்பளி. நனைந்துவிட்டால் நம் மார்கழிக் குளிரே போதும்.

அப்படிச் சில்லிட்ட குட்டியைக் கண்டதும் நம்மவர்கள் செய்கிற முதல் காரியம், பசும்பாலைக் காய்ச்சி மல்லாத்திப் பிடித்து வாயில் ஊற்றுவது. அன்பினால்தான் செய்கிறார்கள். குட்டி செத்துப்போகிறது. விதி என்கிறார்கள். விதியல்ல, பால்! உடம்பு சில்லிட்டிருக்கும்போது குடல் வேலை செய்யாது. மல்லாத்தி ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போகும். பசும்பால் ஒத்துக்கொள்ளாமல் பேதியும் ஆகும். முதலில் துடைத்து, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை ஒரு பக்கம் வைத்து, மெதுவாகச் சூடேற்ற வேண்டும். வாய்க்குள் விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். பிறகுதான் ஆகாரம். பூனைக்குட்டிக்கென்றே பால்மாவு விற்கிறார்கள். குப்புற இருத்தி, இரண்டு மூன்று மணிக்கொருதரம் இரவிலும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே துடைத்துவிட வேண்டும். தாய் நக்கிவிடாமல் அதற்குச் சிறுநீர் இறங்காது. வேலைக்கும் போய்க்கொண்டு, இரவில் நான்கு முறை எழுந்து இதைச் செய்கிற பெண்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். வீட்டில் பேச்சும் வாங்கிக்கொள்ளுகிறார்கள்.

இன்னொன்று. குட்டி தனியே கிடந்தால் உடனே தூக்கிவிடாதீர்கள். பூனை ஏழு வீடு மாற்றும் என்று நம் பாட்டிமார் சொன்னது முழுப்பொய்யல்ல. ஒவ்வொன்றாய்க் கவ்விக்கொண்டு போகிற தாய் பாதி வழியில் இருக்கலாம். நனையாமல் நன்றாக இருந்தால் தூரத்தில் நின்று சில மணி நேரம் பாருங்கள். சாக்கில் கட்டிக் கிடப்பதற்கு மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை.

சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற தோழர்களுக்கும், கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மழை இரவில் பூனை எஞ்சின் சூட்டுக்கு உள்ளே ஏறிப் படுக்கும். காலையில் கிளப்புவதற்கு முன் மேல்மூடியை இரண்டு தட்டுத் தட்டுங்கள். கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சளும் மந்திரமும் வேண்டாம்.

சாக்குப்பை நிற்கவேண்டுமானால் கருத்தடை வேண்டும். பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும். ஒன்பது வாரத்தில் குட்டி போடும். வருஷத்தில் இரண்டு மூன்று ஈற்று. ஒரு கால்நடை மருத்துவரிடம் பூனையைக் கொண்டுபோனபோது, மாட்டுக்கே நேரமில்லை, பூனைக்கா என்று சிரித்தாராம். 1930-களில் பெண்களுக்குக் கர்ப்பத்தடை வேண்டுமென்று பெரியார் எழுதியபோதும் சிரித்தவர்கள் இருந்தார்கள். பெரம்பலூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இப்போது மக்காச்சோளம் வீட்டுக்கு வருகிற காலம். எலிக்குப் பூனை வேண்டும், ஈற்றுக்குச் சாக்கு வேண்டும் என்றால் எப்படி? ஒரு தடவை அறுவை செய்துவிட்டால் பூனையும் இருக்கும், எலியும் பிடிக்கும்.

வாசலருகே பெட்டியில் மூன்று குட்டிகள் இருக்கின்றன. ஏழு வாரம் ஆகிவிட்டது, தானே தின்கின்றன. மஞ்சள் இரண்டுக்கும் ஆறு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். கறுப்பை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. மாதத்தில் இருபது நாள் ஊர் சுற்றுகிற நான் பூனை வளர்க்க லாயக்கில்லாதவன். வீட்டில் ஆள் இருக்கிறவர்கள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாளிடம் பெயர் கொடுக்கலாம். பங்குனியில் கருத்தடைக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.