இனாம் என்கிற பாக்கி

(ஆம்பூரில் மாணவர் படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



டிப்ஸ் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையில் ரெண்டு பேர் சிரித்தீர்கள். தோல் ஷாப்பு, நிலம், வன்கொடுமை என்று பேச எவ்வளவோ இருக்க, பிரியாணிக் கடையில் பில் தட்டில் வைக்கிற பத்து ரூபாயைப் பற்றி இவனுக்கு இன்னா வந்தது என்று கேட்கலாம். அந்தக் காசு யார் கையில் விழுகிறது, எந்த உயரத்திலிருந்து விழுகிறது, யார் கையில் விழுவதேயில்லை என்று கவனியுங்கள். ஊரும் சேரியும் அந்தத் தட்டிலேயே தெரியும்.

ஓட்டலில் தட்டில் வைத்த காசு சப்ளையருக்கு. சில கடைகளில் டப்பாவில் போட்டு ராத்திரி பங்கு பிரிப்பார்கள். அந்தப் பங்கு மேசை துடைக்கிற பையன்வரை வந்தாலும், பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற அம்மாவரை வருவது அபூர்வம். கக்கூஸ் கழுவுகிறவருக்கு டிப்ஸ் கொடுத்தேன் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அவருக்குக் கொடுத்தால் அதற்கு வேறு பெயர். இனாம். அதுவும் தீபாவளிக்கு. ஒன்று உபசரிப்புக்குத் தருவது, இன்னொன்று பாவம் பார்த்துத் தருவது. வேலை இரண்டும் வேலைதான்.

இந்த இனாம் புதுசில்லை. என் பாட்டன் ஊர் வேலை செய்தவர். சாவுச் சேதி சொல்லப் போனார், பறையடித்தார், குழி வெட்டினார். களத்துமேட்டில் எல்லாரும் அளந்துபோன பிறகு பதரோடு கிடக்கிற நெல் அவருக்கு. சாவு வீட்டில் கோடித்துணி, நாலு காசு. காசைக் கையில் தரமாட்டார்கள், மேலேயிருந்து போடுவார்கள். ஊர்த்தொழிலாளிக்கு இப்படிக் கிடைத்த பங்குக்குப் பழைய வருவாய்த்துறைக் கணக்குகளில் என்ன பெயர் தெரியுமா? சுதந்திரம்! நான் ஜோடிக்கவில்லை, அந்தச் சொல்லேதான்.

மகாராட்டிரத்தில் மகர்களுக்கு இதுவே வதன் என்ற பெயரில் இருந்தது. சர்க்காருக்கு ராப்பகலாக வேலை. கூலிக்கு மட்டும் ஊரார் வீட்டுவாசலில் நின்று தானியம் வாங்கிக்கொள்ள வேண்டும். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் இதை மாற்ற மசோதா கொண்டுவந்தார். ஊரார் தருவதைப் பணமாக்கு, நிலவரியோடு சேர்த்துச் சர்க்காரே வசூல் செய், சர்க்காரே சம்பளமாகக் கொடு என்றார். 'இன்னும் தாராளமாகக் கொடுங்கள்' என்று அவர் ஊராரிடம் கேட்கவில்லை. வாசலில் நிற்கிற நிலையையே ஒழிக்கப் பார்த்தார். வதன் சட்டப்படி ஒழிய 1958 ஆனது, அவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

கடலுக்கு அப்பாலும் இதே கதை. அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த பிறகு, புல்மன் கம்பெனி படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் வேலைக்குக் கறுப்பின மக்களைத் தேடி எடுத்தது. குறைந்த சம்பளம், மிச்சத்தைப் பயணிகளிடம் சிரித்து வாங்கிக்கொள்ள வேண்டும். பயணிகள் யாரும் பெயர் கேட்கமாட்டார்கள், எல்லாரையும் ஜார்ஜ் என்றே கூப்பிடுவார்கள். முதலாளியின் பெயர் ஜார்ஜ் புல்மன்! நம்ம ஊரில் 'டேய்' போதும். 1925இல் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டினார்கள். பன்னிரண்டு வருஷம் போராடி 1937இல் ஒப்பந்தம் வாங்கினார்கள், வேலைநேரம் மாதம் 240 மணியாகக் குறைந்தது. அந்த நாட்டிலேயே இன்றும் டிப்ஸ் வாங்குகிற தொழிலாளிக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்ச ரொக்கக் கூலி, மத்தியச் சட்டப்படி, மணிக்கு 2.13 டாலர். 1991இலிருந்து ஏறவில்லை. பல மாநிலங்கள் கூடுதலாக வைத்திருக்கின்றன, அது வேறு.

நான் பேங்க் குமாஸ்தா. ஆகவே கொஞ்சம் கணக்கு. சம்பளம் 9,000, டிப்ஸ் 6,000 என்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். வீடு நடப்பது 15,000இல். பி.எஃப். 9,000க்குத்தான் பிடிப்பார்கள். 12 விழுக்காடு, 1,080 ரூபாய். முழு வருமானமும் சம்பளமாக இருந்தால் 1,800, முதலாளியும் அதே அளவு போடவேண்டும். காய்ச்சலில் படுத்தால் இ.எஸ்.ஐ. கூலியில் 70 விழுக்காடு தரும். மாதக் கணக்கில் 6,300. படுத்துக் கிடப்பவனுக்கு டிப்ஸ் ஏது? 15,000இல் வாழ்ந்த வீடு 6,300க்கு இறங்கும். இருபது வருஷம் உழைத்து வெளியே வந்தால் கிராஜுட்டியில் மட்டும் ஏறக்குறைய 69,000 ரூபாய் போச்சு. எங்கள் கவுண்டரில் லோன் கேட்டால் சம்பளச் சீட்டு எங்கே என்போம். நானே கேட்டிருக்கிறேன். நோட்டைச் சுருட்டி மடியில் வைத்திருந்த ஒரு அண்ணன், 'சம்பாரிக்கறது நெஜந்தானே சார்' என்றார். என்னிடம் பதிலில்லை. பாரம் திருப்பிக் கொடுத்தேன்.

2016இல் உச்சநீதிமன்றம் ஐ.டி.சி. ஓட்டல் வழக்கில், வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் சம்பளமாகாது, அதை முதலாளியிடம் உரிமையாகக் கேட்க முடியாது என்றது. வருமானவரி பிடித்தம் பற்றிய வழக்குதான் அது. ஆனால் நமக்கு அதிலொரு வெளிச்சம் இருக்கிறது. டிப்ஸ் வாங்குகிறவனுக்குக் காசு கிடைக்கலாம், கேட்கிற உரிமை கிடைக்காது. இப்போது அந்தக் காசும் குறைகிறது. எல்லாரும் போனில் ஸ்கேன் பண்ணிவிட்டுப் போகிறோம், கல்லாக்காரர் கணக்குக்குப் பணம் போய்விடுகிறது, தட்டில் சோம்புதான் மிச்சம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் துப்புரவுத் தொழிலாளிகள் வாசலில் நின்றால் 'வந்துட்டாங்கப்பா' என்று உள்ளே போகிறவர்கள் நம் தெருவிலும் உண்டு, படித்த நம்மவர் வீட்டிலும் உண்டு. சட்டப்படியான 8.33 விழுக்காடு போனஸ் என்பது வருஷத்தில் ஒரு மாதக் கூலி. வாங்குகிற நாம் அதை உரிமை என்கிறோம். அதே உரிமையைக் காண்டிராக்ட் ஏப்பம் விட்டதால் வாசலுக்கு வருகிறவரைப் பிச்சை என்கிறோம். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை எதிரே துப்புரவுத் தொழிலாளிகள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்களே, எங்களைத் தனியாரிடம் தள்ளாதே என்று. அவர்கள் இனாம் கேட்டா உட்கார்ந்தார்கள்?

'அப்போ டிப்ஸ் கொடுக்கலாமா, கூடாதா' என்று மாணவர் ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். கொடுங்கள். முறையை எதிர்க்கிறேன் என்று சொல்லி ஒரு ஏழையின் ராத்திரிச் சாப்பாட்டில் கைவைக்காதீர்கள், அது கொள்கையில்லை, கஞ்சத்தனம். மேலேயிருந்து போடாமல் கையில் கொடுங்கள். கழுவுகிற அம்மாவைத் தேடிப் போய்க் கொடுங்கள். அதோடு பில் கட்டும்போது கல்லாவில் ஒரு கேள்வியும் கேளுங்கள்: இவங்களுக்கெல்லாம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கறீங்களா?

நான் ஒரு கடையில் கேட்டேன். முதலாளி சட்டென்று எழுந்துவிட்டார். 'சார் எந்த டிபார்ட்மென்ட்?' என்றார். சாப்பிட வந்தவன்தான் என்றேன். உட்கார்ந்துகொண்டார்.