திடீர் மரணமும் பிள்ளைகளின் கடமையும்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு வியாபாரத்துக்குப் போன தகப்பனார் ஜனாஸாவாக வீடு திரும்பினால் என்ன செய்வீர்கள்?

அழுங்கள். மகன் இப்ராஹீமை இழந்தபோது நபி (ஸல்) அவர்களும் கண்ணீர் விட்டார்கள். ஆனால் அழுகையோடு நின்றுவிடாதீர்கள். தாயைத் திடீரென இழந்த ஒருவர், அவருக்காகத் தர்மம் செய்யலாமா என்று கேட்டார், நபியவர்கள் அனுமதித்தார்கள். புகாரியில் இது பதிவாகியுள்ளது.

தர்மத்துக்கும் முந்தியது கடன். நாற்பதாம் நாள் விருந்துக்குக் கடன் வாங்காதீர்கள். தகப்பனார் பட்ட கடனை விசாரித்து அடையுங்கள். அதன் பிறகே சொத்துப் பங்கீடு என்கின்றன அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12 வசனங்கள். தாயாருக்கு எட்டில் ஒரு பங்கு உண்டு. அவர் இத்தா இருக்கும் 4 மாதம் 10 நாளும் துணையாக இருங்கள்.

துஆவுக்குக் கையேந்தும் முன், சகோதரியின் பங்கு அவள் கையில் சேரட்டும்!