எபிசோட் 34: கழுத்துக் கருமை அழுக்கு இல்லை

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெயில்ல நாலஞ்சு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டிருந்தாங்க. "ப்ரோ, பரு போயிடுச்சு, கறை போகல. கழுத்தும் கருப்பா இருக்கு. என்ன க்ரீம் போடலாம்?" நான் டாக்டர் இல்ல, கோடு எழுதுறவன். அதனால க்ரீம் பேர் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கறை ஏன் வருதுன்னு தெரிஞ்சா, நீங்க கேட்கிற கேள்வியே மாறிடும்.

நிறத்தை உண்டாக்குற மெலனோசைட் செல்களோட எண்ணிக்கை ஐரோப்பியருக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். வித்தியாசம் அந்த செல்கள் தயாரிக்கிற மெலனின்ல இருக்கு. நம்ம தோல்ல மெலனின் பொட்டலங்கள் பெருசு, தனித்தனியா பரவியிருக்கும், மெதுவாத்தான் சிதையும். வெயிலுக்கு இது நல்ல கவசம். ஆனா பருவோ, கொசுக்கடியோ, சிராய்ப்போ, எதனால தோல் புண்பட்டாலும் இந்த செல்கள் தூண்டப்பட்டு மெலனினைக் கூடுதலா கொட்டும். பரு ஒரு வாரத்துல போயிடும், கறை மாசக்கணக்கா நிக்கும்.

இப்போ அந்தக் கறையை எலுமிச்சம்பழம், பீர்க்கங்காய் நார்னு போட்டுத் தேய்ச்சா என்ன ஆகும்? தோல் மறுபடி புண்படும், மறுபடி மெலனின் கொட்டும். கறை இன்னும் கருக்கும். பருவைக் கிள்ளாம இருக்கிறதும், சன்ஸ்க்ரீன் போடுறதும்தான் முதல் வைத்தியம். "கருப்பா இருக்கிறவங்களுக்கு சன்ஸ்க்ரீன் எதுக்கு?"ன்னு கேட்பாங்க. புற ஊதாக் கதிர் மட்டும் இல்ல, கண்ணுக்குத் தெரியுற வெளிச்சமும் நம்ம தோல்ல கறையைக் கருக்க வைக்கும். அதனாலதான் இரும்பு ஆக்சைடு கலந்த, லேசா நிறம் உள்ள சன்ஸ்க்ரீனை மங்கு உள்ளவங்களுக்கு டாக்டர்கள் சொல்றாங்க.

அடுத்து கழுத்து. பின்கழுத்துலயும் அக்குள்லயும் தோல் தடிச்சு, தொட்டா வெல்வெட் மாதிரி, கருப்பா இருக்கா? அதுக்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்னு பேரு. பெரும்பாலும் உடம்பு இன்சுலினைச் சரியா கேட்கலைங்கிறதோட அடையாளம் அது. உடல் எடை, பிசிஓஎஸ், வரப்போற சர்க்கரை நோய், இதெல்லாம் பின்னாடி இருக்கலாம். "ஒழுங்கா குளிக்கிறியா?"ன்னு வீட்ல பசங்களைத் திட்டுவாங்க பாருங்க, அந்தப் பசங்களுக்குத் தேவை சோப்பு இல்ல, ரத்தத்துல சர்க்கரை பரிசோதனை.

எங்க வேலையில சொல்றதுன்னா, சர்வர்ல எரர் வருதுன்னு லாக் ஃபைலை டெலிட் பண்ற மாதிரிதான் இது. செய்தி அழிஞ்சிடும், பக் அப்படியே இருக்கும்.

அப்படி டெலிட் பண்றதுக்குன்னே நம்ம ஊர்ல ஒரு பொருள் கிடைக்குது. மருந்துக் கடையில சீட்டு இல்லாம வாங்குற, ஸ்டீராய்டு கலந்த க்ரீம். ட்யூப் பின்னாடி படிச்சுப் பாருங்க. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன்னு ஏதாவது இருந்தா அது ஸ்டீராய்டு. டாக்டர் சொன்ன நோய்க்கு, சொன்ன நாள் வரைக்கும் போட்டா நல்ல மருந்து. சிவப்பழகு க்ரீமா தினமும் போட்டா முதல்ல முகம் பளிச்னு ஆகும். அப்புறம் தோல் மெலியும், ரத்தக்குழாய் தெரியும், பரு வெடிக்கும், முகத்துல முடி வளரும். நிறுத்தினா எரியும், அதனால மறுபடி அதையே தேடிப் போவாங்க. படர்தாமரைக்குப் போட்டா அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளுக்குள்ள பரவும். 2018-லயே இந்த மாதிரி 14 க்ரீம்களை மத்திய அரசு சீட்டு இருந்தா மட்டும் விற்கணும்னு கொண்டு வந்துச்சு. அதனால கடைக்காரர் கொடுத்தாருங்கிறது ஒரு காரணமே இல்ல. ஏற்கனவே ரொம்ப நாளா போட்டுட்டு இருந்தா, திடீர்னு நீங்களா நிறுத்தாம தோல் டாக்டர்கிட்ட காட்டி நிறுத்துங்க.

போட்டோ எடுத்து ஆப்ல கேட்கலாமான்னும் கேட்டிருந்தீங்க. 2021-ல வந்த ஃபிட்ஸ்பேட்ரிக் 17கேங்கிற தோல் நோய்ப் படத் தொகுப்புல, மிக வெளுத்த ரெண்டு வகைத் தோலோட படங்கள், மிகக் கருத்த ரெண்டு வகையை விட மூணு மடங்குக்கும் மேல. மாடல் எதைப் பார்த்துப் படிச்சதோ அதைத்தான் கண்டுபிடிக்கும். வெள்ளைத் தோல்ல சிவப்பாத் தெரியுற அழற்சி, நம்ம தோல்ல ஊதாவாவோ, பழுப்பாவோ, சாம்பலாவோ தெரியலாம். சிவக்கலைங்கிறதால ஒண்ணுமில்லைன்னு விட்டுடாதீங்க. சூடு, வீக்கம், வலி இருக்கான்னு தொட்டுப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. வெளிறின தேமல் இருக்கிற இடத்துல உணர்ச்சி குறைவா இருந்தா, க்ரீம் எதுவும் வாங்காம நேரா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. அது தொழுநோயா இருக்கலாம். மருந்து இலவசம், சீக்கிரம் ஆரம்பிச்சா ஊனம் இல்லாம முழுசா குணமாகும்.

உங்க வீட்டு அலமாரியில பாதி அமுக்கின ட்யூப் ஏதாவது இருந்தா, இன்னைக்கு அதோட பின்பக்கத்தைப் படிச்சுப் பாருங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.