ராக்கெட்டில் போகும் படை



நூறு டன் சரக்கை ஒரு மணி நேரத்துக்குள் உலகின் எந்த மூலைக்கும் ராக்கெட்டில் கொண்டுபோய் இறக்கத் திட்டம் போடுகிறது அமெரிக்க விமானப்படை. 2022-இல் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியோடு இதற்காக 10.2 கோடி டாலர் ஒப்பந்தம். இறங்கிய ராக்கெட் திரும்புவது எப்படி? விமானத்துக்குப் போடும் எண்ணெய் இதற்கு ஆகாது. டன் டன்னாகத் திரவ ஆக்சிஜனும் மீத்தேனும் வேண்டும், போர்முனையில் கிடைக்குமா?

அதுகூடப் போகட்டும். சீறி வருவது மருந்துப் பெட்டியா, அணுகுண்டா என்று எதிரியின் ராடாருக்கு எப்படித் தெரியும்? 1995 ஜனவரியில் நார்வேயிலிருந்து ஆராய்ச்சிக்காக விட்ட ராக்கெட்டை ஏவுகணையென்று எண்ணி, ருஷ்ய அதிபர் யெல்ட்சின் முன்னால் அணுகுண்டுக் கட்டளைப் பெட்டியையே திறந்து வைத்துவிட்டார்கள். இத்தனைக்கும் நார்வே முன்கூட்டியே தகவல் சொல்லியிருந்தது. ராடார்காரர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. திடீரென்று படை அனுப்புகிறவன் அந்தத் தகவலையும் சொல்லமாட்டானே!