செவ்வாயில் உயிரா, நம்ம வீட்டு அழுக்கா?

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்ல ஒரே கேள்வியை நிறைய பேர் கேட்டிருந்தீங்க. "செவ்வாய்ல இத்தனை ரோவர் ஓடுதே, உயிர் இருக்கா இல்லையான்னு ஒரு டெஸ்ட் எடுத்துச் சொல்லிட வேண்டியதுதானே ப்ரோ?" நியாயமான கேள்வி. அந்த டெஸ்டை 1976-லயே எடுத்துட்டாங்க. பிரச்சனையே அங்கதான் ஆரம்பிச்சது.

அதுக்கு முன்னாடி என் சொந்தக் கதை ஒண்ணு. என் முதல் வேலையில ஒரு ஆப் ரிலீஸ் பண்ணினோம். முதல் வாரம், ராத்திரி 3 மணிக்குக்கூட ஆள் வந்துட்டே இருக்காங்கன்னு டேஷ்போர்டு காட்டுது. மேனேஜர் டீமுக்கே பிரியாணி வாங்கிக் கொடுத்தார். நாலு நாள் கழிச்சு லாக்கைத் தோண்டிப் பார்த்தா, சர்வர் உயிரோட இருக்கான்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை தட்டிப் பார்க்க நாங்களே எழுதி வச்ச ஸ்கிரிப்ட் அது. நம்மளை நாமளே யூசரா எண்ணிட்டு இருந்திருக்கோம். எழுதினது நான்தான், அதை அன்னைக்கு யார்கிட்டயும் சொல்லலை.

இதை மனசுல வச்சுக்கோங்க. இப்போ 1976.

வைக்கிங் 1, வைக்கிங் 2. ரெண்டும் ரோவர் இல்லை, இறங்கின இடத்துலயே நிக்கிற லேண்டர்கள். அதுல கில்பர்ட் லெவின்னு ஒரு பொறியாளரோட சோதனை ஒண்ணு போச்சு. ஐடியா ரொம்ப அழகு. கொஞ்சம் மண்ணை எடு, சத்துக் கரைசலை ஒரு சொட்டு விடு. அந்தக் கரைசல்ல இருக்கிற கார்பன் கதிரியக்கக் கார்பன்-14. மண்ணுல ஏதாவது நுண்ணுயிர் அதைச் சாப்பிட்டு வாயு விட்டா, கருவி அந்த வாயுவைப் பிடிச்சு எண்ணிடும். விட்டாங்க, வாயு வந்தது. இன்னொரு பங்கு மண்ணை 160 டிகிரியில 3 மணி நேரம் சுட்டுட்டு அதே கரைசலை விட்டாங்க. வாயு வரலை. அதாவது உயிர் இருந்து, சூட்டுல செத்திருந்தா எப்படி இருக்குமோ, அதே மாதிரி.

ஆனா ரெண்டு இடத்துல இடிச்சது. அதே மண்ணுக்கு ரெண்டாவது தடவை கரைசல் கொடுத்தப்போ புதுசா வாயு கிளம்பலை. பசியோட இருக்கிற உயிர்னா மறுபடியும் சாப்பிடணுமே? அடுத்தது, பக்கத்துல இருந்த இன்னொரு கருவி மண்ணை 500 டிகிரி வரைக்கும் சூடாக்கி கரிமச் சேர்மங்களைத் தேடிச்சு. கிடைச்சது குளோரின் கலந்த ஒண்ணு ரெண்டு சேர்மம்தான். "பூமியில கருவியைக் கழுவின திரவத்தோட மிச்சம்"னு அதை ஒதுக்கிட்டாங்க. கரிமமே இல்லைன்னா உயிர் எங்கேர்ந்து வரும்? கேஸ் குளோஸ்.

32 வருஷம் கழிச்சு, 2008-ல ஃபீனிக்ஸ் லேண்டர் செவ்வாய் மண்ணுல பெர்குளோரேட்னு ஒரு உப்பைக் கண்டுபிடிச்சது. ராக்கெட் எரிபொருள்ல போடுற சமாச்சாரம். குளிர்ல சும்மா கிடக்கும், சூடாக்கினா கரிமத்தை எரிச்சுத் தள்ளிடும். 2010-ல ஒரு குழு, சிலி நாட்டு அட்டகாமா பாலைவன மண்ணுல இந்த உப்பைக் கலந்து சூடாக்கிப் பார்த்தாங்க. வைக்கிங் பார்த்த அதே மாதிரி குளோரின் சேர்மம் வந்தது. அப்போ வைக்கிங் கருவி தேடிப் போன பொருளை அதுவே எரிச்சிருக்கலாம்! இதனால உயிர் இருந்ததுன்னு ஆயிடாது, "இல்லை"ன்னு சொன்ன சாட்சி பலமிழந்துபோச்சு, அவ்வளவுதான். லெவின் 2021-ல காலமாகுற வரைக்கும் தான் உயிரைக் கண்டுபிடிச்சதாவே நம்பினார்.

சரி, சூடு வேண்டாம்னு கியூரியாசிட்டி ரோவர்ல திரவ ரசாயனம் அடைச்ச கிண்ணங்களும் வச்சு அனுப்பினாங்க. 2012-ல இறங்கி மண்ணைச் சோதிச்சா, கரிம சிக்னல் வருது. பார்த்தா, கிண்ணத்துல இருந்த ரசாயனத்தோட ஆவி உள்ளுக்குள்ளயே கசிஞ்சிருக்கு. என் ஸ்கிரிப்ட் கதைதான், என்ன, விலைதான் பல நூறு கோடி. ஆனா அந்தக் குழுவை நான் குறை சொல்ல மாட்டேன். காலி கிண்ணத்தையும் ஓட்டிப் பார்த்துதான் அதைக் கண்டுபிடிச்சாங்க. நாங்க அதைக்கூடச் செய்யலை.

அழுக்கு எங்கேர்ந்தெல்லாம் வரும்னு கேட்டா ஆச்சரியப்படுவீங்க. விண்கலம் கட்டுற சுத்த அறையில தூசி, ஈரம், சாப்பாடு எதுவும் கிடையாது. அங்கேயும் ஒரு பாக்டீரியா இருந்தது. டெர்சிகோக்கஸ் ஃபீனிசிஸ். ஃபுளோரிடாவுல ஒரு சுத்த அறை, தென் அமெரிக்காவுல பிரெஞ்சு கயானாவுல இன்னொண்ணு, ரெண்டு இடத்துலயும் அகப்பட்டது. வைக்கிங் லேண்டர்களை அப்படியே அடுப்புல வைக்கிற மாதிரி 112 டிகிரி கிட்ட ஒரு நாளுக்கும் மேல சுட்டாங்க. இப்போ போற ரோவர்களை முழுசா அப்படிச் சுடுறதில்லை. அதனால ஈரம் இருக்கலாம்னு சந்தேகப்படுற இடத்துக்கு அதுங்க போகவே கூடாதுன்னு விதி இருக்கு. உயிர் இருக்க வாய்ப்பு அதிகமான இடத்துக்கு, உயிர் தேடுற வண்டிக்கு நோ என்ட்ரி. இதைப் படிச்சப்போ சிரிச்சேன், யோசிச்சுப் பார்த்தா வேற வழியும் தெரியலை.

2021 பிப்ரவரியில ஜெசெரோ பள்ளத்துல இறங்கின பெர்சிவரன்ஸை வடிவமைச்சவங்க ஒரு துணிச்சலான முடிவு எடுத்தாங்க. உயிர் இருக்கா இல்லையான்னு இந்த ரோவர் தீர்ப்பு சொல்லாது. கல்லைச் சுரண்டிப் பார்க்கும், நல்ல இடமாத் தேர்ந்தெடுத்து ட்ரில் போட்டுக் குழாய்ல அடைச்சு வைக்கும். தீர்ப்பு பூமியில இருக்கிற லேப்ல. ஒரு குழாய்க்குள்ள உயிரோட ஒரு பூமி நுண்ணுயிர்கூட இருக்கக் கூடாது, மாதிரியில கலக்குற பூமிக் கரிமம் நூறு கோடியில 10 பங்குக்குக் கீழ இருக்கணும், அதுதான் டிசைனர்களுக்குக் கொடுத்த கணக்கு.

எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு. மொத்தம் 43 குழாய். அதுல 5 குழாய்ல கல்லே போட மாட்டாங்க. சாட்சிக் குழாய். செவ்வாய்ல திறந்து, சுத்தி இருக்கிற காத்துல ரோவர்லேர்ந்து என்ன கசியுதோ அதைப் பிடிச்சு மூடிடுவாங்க. நாளைக்குக் கல்லுல ஒரு சேர்மம் கிடைச்சு, அது சாட்சிக் குழாய்லயும் இருந்தா, அது நம்ம சரக்கு. அத்தனை கோடி கிலோமீட்டர் தாண்டிப் போற வண்டியில, எட்டுல ஒரு பங்கு இடத்தை வேணும்னே காலியா விட ஒரு மீட்டிங்ல எவ்வளவு சண்டை போட்டிருப்பாங்க!

2024 ஜூலையில செயாவா ஃபால்ஸ்னு பேர் வச்ச ஒரு பாறை கிடைச்சது. சிறுத்தைத் தோல் மாதிரி புள்ளிகள், கூடவே கரிமம். புள்ளிகள்ல இரும்பு பாஸ்பேட், இரும்பு சல்பைடு கனிமங்கள். பூமியில சேத்துல வாழுற நுண்ணுயிர்கள் இப்படிக் கனிமங்களை உண்டாக்கும். உயிர் இல்லாமலும் உண்டாகலாம், ஆனா அதுக்கான சில வழிகளுக்கு நல்ல சூடு வேணும், இந்தப் பாறை அப்படிச் சூடானதுக்கு அடையாளம் தெரியலை. 2025 செப்டம்பர்ல நேச்சர் இதழ்ல கட்டுரை வந்தப்போகூட "உயிரின் அடையாளமா இருக்கலாம்" அளவுலயே நிறுத்திக்கிட்டாங்க. நியூஸ் சேனல்கள் நிறுத்தலை, அது வேற கதை.

அந்தப் பாறையோட துண்டு, சஃபையர் கேன்யன்னு பேர், இப்போ ரோவர் வயித்துக்குள்ள ஒரு குழாய்ல இருக்கு. அதை எடுத்துட்டு வர்ற திட்டத்துக்கு 1,100 கோடி டாலர் ஆகலாம், 2040 வரைக்கும் இழுக்கலாம்னு கணக்கு வந்ததும், இவ்வளவு செலவும் தாமதமும் முடியாதுன்னு 2024-ல நாசாவே சொல்லிடுச்சு. இப்போதைக்கு அதைக் கொண்டுவர வண்டி இல்லை. கேள்விக்கான பதில் சீல் வச்ச டைட்டானியம் குழாய்க்குள்ள, பக்கத்துலயே சாட்சிக் குழாய்களும்.

அடுத்த எபிசோட்ல ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ரோவர். மேல் மண்ணுல கதிர்வீச்சு எல்லாத்தையும் சிதைச்சிடும்னு, ரெண்டு மீட்டர் ஆழம் தோண்டப் போற ஐரோப்பிய வண்டி. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. பிரியாணி மேட்டர் நமக்குள்ளயே இருக்கட்டும்.