அப்பாயியின் சுருக்குப் பை

அன்புக்குரிய பட்டதாரிகளே, இன்றைக்குப் பேரையும் கூலியையும் விட்டுவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மாரே, தந்தையரே,

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் கதவுக்குப் பின்னால் அப்பாயியின் சுருக்குப் பை தொங்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளுப் பொயிலை. கொழுந்து மலையில் பசியை அடக்கியது அதுதான். ஒரு தைப்பொங்கலன்று சோற்றை வாயில் வைத்ததும் "எரியுதுடா" என்றாள். கன்னத்தின் உட்புறம் வெளுத்து இறுகிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் பேரும் கூலியும் போய்விடும் என்று தள்ளிப்போட்டாள். புண் கட்டியான பிறகுதான் போனோம்.

அந்தப் புற்றுக் கட்டிக்குள் என்ன நடந்தது என்ற கேள்விதான் என்னை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனது.

உயிரணுவைச் சுற்றியுள்ள மென்சவ்வில் புரதத்தாலான நுண்ணிய கால்வாய்கள் இருக்கின்றன. மலையில் தண்ணீர் வடியக் கான் வெட்டிய உங்கள் தந்தையருக்கு இது சட்டென்று புரியும். இந்தக் கான்களுக்குக் கதவும் உண்டு. திறந்தால் ஒரே நொடியில் கோடி பொட்டாசியம் அயன்கள்கூட ஓடிவிடும். சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையிலுள்ள மின்னழுத்தம் அந்த ஓட்டத்தால் மாறும். உயிரணு பருப்பதிலும் பிரிவதிலும் அதற்குப் பங்கிருக்கிறது. பெரும்பாலும் மூளையில் மட்டுமே காணப்படும் ஒரு பொட்டாசியம் கால்வாய் புற்றணுக்களிலும் முளைத்திருப்பதை, ஜேர்மனியில் லூயிஸ் பார்டோவும் வால்டர் ஸ்டூமரும் 1999இல் காட்டினார்கள். அது உருவாகாமல் தடுத்தபோது அணுக்களின் பெருக்கம் தளர்ந்தது. வேறு சில பொட்டாசியம் கால்வாய்கள் வாய், தொண்டைப் புற்றுகளிலும் மிகுந்திருக்கின்றன.

இந்தக் கதையில் நம் மலையும் வருகிறது. ஹக்கலைத் தாவரவியல் பூங்கா 1861இல் தொடங்கப்பட்டது சிங்கோனா மரத்துக்காக. தேயிலை பரவியது அதற்குப் பிறகுதான். அந்த மரத்தின் பட்டையில் கிடைக்கும் குயினீன் நமக்கு மலேரியா மருந்தாகத்தான் தெரியும். அதே குயினீன் வெள்ளணுக்களின் பொட்டாசியம் கால்வாயை அடைத்து, அவை பெருகுவதையும் தடுக்கிறது என்று 1984இல் டிகோர்சியும் சாண்டியும் அவர்களுடைய சகாக்களும் எழுதினார்கள். அப்படியானால் புற்றுக்கு அதையே கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். இதயமும் இப்படிப்பட்ட கால்வாய்களை நம்பித்தான் துடிக்கிறது, பிள்ளைகளே. ஆள் தெரியாமல் அடைத்தால் துடிப்பு குழம்பிவிடும். புற்றணுவின் கதவை மட்டும் அடைக்கும் மருந்துக்காக இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அதே 1984இல் இன்னோர் ஆய்வும் வந்தது. இலங்கைக் கிராமங்களில் 34 சுகாதார ஊழியர்கள் 28,000க்கும் அதிகமானோரின் வாயைத் திறந்து பார்த்தார்கள். கருவி எதுவும் பெரிதாக இல்லை; வெளிச்சமும் பழகிய கண்ணும்தான். கோளாறு தெரிந்தவர்களை மேல்பரிசோதனைக்கு அனுப்பினார்கள். போனவர்கள் பாதிக்குச் சற்று மேல். அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாயியின் ஒரு நாள் பேர்தான் நினைவுக்கு வரும்.

இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவை விளக்கருகே உட்கார வையுங்கள். பொயிலையை விட்டாச்சு, வெறும் பாக்குத்தான் என்பார். பாக்கும் புற்றுக்குக் காரணம்தான் என்று சொல்லுங்கள். வாயைத் திறக்கச் சொல்லி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே அவருடைய மூன்று விரலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகிறதா என்று பாருங்கள். அப்பாயிக்கு ஒரு விரல்தான் போனது.