கருவி வாங்கும் குழுவில் தூய்மைப் பணியாளர் எங்கே?

நான் அரசு மருத்துவமனைச் செவிலியர். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. மருந்தும் கருவியும் மொத்தமாக வாங்குகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வார்டுக்கு என்ன தேவை என்ற பட்டியலை எங்கள் மருத்துவமனையில் எழுதுவது துறைத் தலைவர்களும் கணக்கு அலுவலரும் மட்டும்.

ஒருமுறை, பயன்படுத்திய ஊசிகளைப் போட மெல்லிய பிளாஸ்டிக் டப்பாக்களை உள்ளூரிலேயே வாங்கினார்கள். விலை குறைவு. தூக்கும்போது ஊசிமுனை வெளியே நீட்டும். தூக்கியவர் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரான ஓர் அக்கா, அருந்ததியர். அந்த வேலைக்கு வேறு யாரை எடுக்கிறார்கள்? ஊசி உள்ளங்கையில் இறங்கியது. மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றியிருக்குமோ என்ற பயத்தில் ஆறு மாதம் இரத்தப் பரிசோதனைக்கு அலைந்தார். ஊசி துளைக்காத டப்பாவும், கழிவைக் கையாள்பவருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி கட்டாயம். வாங்குமுன் அந்த அக்காவிடம் காட்டியிருந்தால், விரலால் அழுத்திப் பார்த்தே வேண்டாம் என்றிருப்பார்.

படிக்காதவருக்கு என்ன தெரியும் என்பார்கள். எந்த டப்பா ஓட்டையாகும் என்று தெரியும், ஐயா!

கொள்முதல் குழுவில் ஒரு வார்டு செவிலியரும் ஒரு தூய்மைப் பணியாளரும் வேண்டும். ஒப்பந்தக்காரர் என்று தள்ளக் கூடாது. மாதிரியை வார்டில் ஒரு வாரம் புழங்கிப் பார்த்து அவர்கள் கையெழுத்திட்ட பிறகே பணம் தர வேண்டும். மனு வாசலில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.